வாடூனும் உணங்கலும்

சங்க இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் பலர், யாழும் முல்லையும் தினையும் தேனும் வரும் இடங்களில் நின்று நிதானமாக விளக்கம் கூறுவர். ஊனும் மீனும் வரும் இடங்களில் சற்று விரைந்து செல்வர். அவற்றுள்ளும் காயவைத்த ஊனோ காயவைத்த மீனோ வந்துவிட்டால், அருஞ்சொற்பொருளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அடிக்குச் செல்வதே பெரும்பாலும் வழக்கம். 'வாடூன் என்பது உப்புக்கண்டம். உணங்கல் என்பது கருவாடு' என்ற அளவில் அப்பகுதி முடிந்துவிடும். மாணவர் சிரிப்பர், பாடம் நகரும்.

இவ்வாறு நகர்ந்து செல்வதால் இழப்பது ஓர் உணவுக் குறிப்பை மட்டும் அன்று. பாட்டின் உயிர்நிலையையே சில இடங்களில் இழக்க நேர்கிறது. புலவர்கள் இப்பொருளை வெறும் பின்புலமாக வைத்தவர் அல்லர். காயவைத்த ஊனின் இயல்பை அறிந்து, அவ்வியல்பின்மேல் பாட்டைக் கட்டியிருக்கின்றனர். அதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு வகைப் பிழை

இப்பகுதிகளை அணுகுவோர் இரு வகைப் பிழை செய்கின்றனர். ஒரு சாரார் நாணம் காரணமாக மறைக்கின்றனர். பழந்தமிழர் வாழ்வைத் தூய்மையாகக் காட்ட வேண்டும் என்ற விருப்பத்தால், புலால் மணக்கும் அடிகளைத் தொகுப்பு நூல்களில் சேர்க்கத் தயங்குகின்றனர். மற்றொரு சாரார் அவ்வடிகளைத் தேடித் தேடி எடுத்து, 'பழந்தமிழர் உண்டவை' என்று பட்டியல் இடுகின்றனர். முதல் சாரார் பாட்டைக் கண்டு கூசுகின்றனர். இரண்டாம் சாரார் பாட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகின்றனர். இருவருமே பாட்டைப் பாட்டாகப் படிப்பதில்லை.

வரலாற்றுக்குச் சான்று தேடுவது குற்றம் ஆகாது. ஆயினும், புலவன் ஏன் இப்பொருளை இவ்விடத்தில் வைத்தான், வேறொன்றை வைத்திருந்தால் பாட்டு என்ன ஆகும் என்னும் வினாக்களைப் பட்டியல் ஒருபோதும் எழுப்புவதில்லை. திறனாய்வின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

செய்முறை காட்டும் இயல்புகள்

தென் தமிழ்நாட்டு ஊர்களில் உப்புக்கண்டம் செய்யும் முறையை அறிந்தோர் இவ்வடிகளை எளிதில் உணர்வர். ஆட்டிறைச்சியில் எலும்பும் கொழுப்பும் நீக்கி, நீள நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசிறி ஊறவிடுவர். பின்னர் நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிடுவர். பகலெல்லாம் வெயில், பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள். சில நாளில் துண்டுகள் சுருங்கிக் கறுத்து விறைத்துவிடும். பானையிலோ சாடியிலோ இட்டு வாய் கட்டி வைத்து, இடையிடையே வெயில் காட்டுவர். வேண்டும்போது தட்டி, எண்ணெயில் பொரித்துச் சோற்றுக்குத் துணையாகவோ வெறும் வாய்க்குத் தின்பண்டமாகவோ உண்பர். மிளகாய் 16ஆம் நூற்றாண்டு அளவில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பொருள். சங்க காலத்தில் அது இல்லை. மற்றபடி வெயிலும் காற்றும் பழையவையே.

உப்பு ஊனில் உள்ள நீரை வெளியே இழுக்கிறது; வெயிலும் காற்றும் அந்நீரைக் கொண்டு செல்கின்றன. நீர் குறைந்த இடத்தில் ஊனைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வளர மாட்டா. கொழுப்பு எளிதில் காயாது. நாள் ஆக ஆகச் சிக்கு வாடை எடுக்கும். அதனால்தான் அதனை முதலிலேயே நீக்கிவிடுகின்றனர். பெரிய மீனை அறுத்துப் பிளந்து காயவைப்பதும், சிறிய மீனை முழுதாகக் காயவைப்பதும் இக்காரணம் பற்றியே. தடித்த தசையின் நடுவே உப்பும் வெயிலும் எட்டா.

இச்செய்முறையிலிருந்து மூன்று இயல்புகள் புலனாகும். முதலாவது, காய்ந்த ஊன் நாள்பட நிற்கும். இரண்டாவது, காயும் வரையில் அதற்குக் காவல் வேண்டும். காக்கையும் பருந்தும் நாயும் பூனையும் சும்மா இரா. மூன்றாவது, அதன் மணத்தை ஒருவராலும் மறைக்க முடியாது. சங்கப் புலவர்கள் இம்மூன்று இயல்புகளையும் நன்கு அறிந்திருந்தனர். மூன்றையும் வெவ்வேறு வகையில் பாட்டுக்குப் பயன்கொண்டனர்.

வாடூனும் உவர்நீரும்

நாள்பட நிற்கும் இயல்பைப் பெரும்பாணாற்றுப்படையில் காணலாம். தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிப் பாட்டு அது. 1889இல் உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்த காலம் முதல் தமிழ் மாணவர் கைக்கு எட்டிய நூல். பரிசில் பெற்ற பாணன், வழியில் எவர் எவர் என்ன உணவு தருவர் என்று மற்றொரு பாணனுக்குச் சொல்லிக்கொண்டு போகிறான். வறண்ட நிலத்தில் ஈந்தின் இலை வேய்ந்த எயினர் குடிசை வருகிறது. வேய்ந்த கூரை முள்ளம்பன்றியின் முதுகு போல் தோன்றுகிறது. உள்ளே பிள்ளை பெற்றவள் ஒருத்தி மான்தோலில் குழந்தையோடு படுத்திருக்கிறாள். மற்றப் பெண்கள் இரும்பு முனை பொருத்திய கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கின்றனர். நில உரலில் இட்டுக் குற்றுகின்றனர். ஆழ்ந்த கிணற்றில் ஊறும் உவர்நீரைத் தோண்டி எடுக்கின்றனர். வாய் உடைந்த பழம் பானையை உடைந்த அடுப்பில் ஏற்றுகின்றனர். அச்சோற்றோடு அவர்கள் தருவது வாடூன்.

இவ்விடத்தில் 'உப்புக்கண்டம்' என்று பொருள் எழுதுவது தவறன்று. அச்சொல் வழக்கில் உள்ளது, மாணவர்க்கு விளங்கும். ஆனால் அது பாட்டில் உள்ள நுட்பம் ஒன்றை மூடிவிடுகிறது. உப்புக்கண்டம் என்னும் பெயர் உப்பையும் துண்டையும் சொல்கிறது. வாடூன் என்னும் பெயர் வாடுதலை மட்டும் சொல்கிறது. புலவர் உப்பைச் சொல்லாமல் விட்டாரா? விடவில்லை. இக்குடிசைக்கு வருமுன்னரே, அதே வழியில் உமணர் வண்டிகள் உப்பு ஏற்றிக்கொண்டு வரிசையாகச் செல்வதை விரிவாகப் பாடிவிட்டார். உப்பு வண்டி சாலையோடு போகிறது. குடிசைக்காரிக்கு வாய்த்தது கிணற்றின் உவர்நீர். விலைப்பொருளாகிய உப்பு ஒரு பக்கம், வறுமையின் உப்பு மறுபக்கம். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்த புலவர், தம் கருத்தென ஒரு சொல்லும் கூறவில்லை. உரையில் உப்பை வலிந்து கொண்டுவந்து வைத்தால், பாட்டில் இருக்கும் இந்த உப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இனி, அங்கே ஏன் வாடூன்? பச்சூன் வைத்தால் என்ன? பொருநராற்றுப்படையில் கரிகாலன் அவையில் பொருநன் பகலும் இரவும் ஊன் தின்கிறான். கொல்லை உழுத கொழுவைப் போல் பல் மழுங்கிவிடுகிறது. அது அரசனின் செல்வம். அன்றன்று அறுத்து அன்றன்று சமைக்கும் செல்வம். எயினர் குடிசையில் அது நடவாது. வேட்டைப் பொருள் கிடைக்கும் நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. விருந்தோ நாள் குறித்து வருவதில்லை. கிடைத்த நாளில் வாட்டி வைத்தால்தான் கிடைக்காத நாளில் வந்தவனுக்கு இட முடியும். அப்பகுதியில் உழைப்பவர் அனைவரும் பெண்களே என்பதும் கருதத்தக்கது. ஆடவர் வேட்டையை எதிர்பாராமல், வீட்டில் இருப்பதைக் கொண்டே அவர்கள் விருந்தை ஓம்புகின்றனர். பாணனின் சுற்றத்துக்கு அதனைத் தேக்கிலையில் குவித்துத் தருகின்றனர். தெய்வத்துக்குப் படைத்த படையல் போல் அது தோன்றுகிறது என்பது புலவர் வாக்கு.

படையல் என்ற உவமை வெறும் அழகுக்கு வந்ததன்று. உடைந்த பானை, உடைந்த அடுப்பு, உவர்நீர், புல்லரிசி, வாடிய ஊன் என்று குறைபாட்டின் மேல் குறைபாடாக அடுக்கி வந்த புலவர், கடைசியில் அதனைத் தெய்வ நிலைக்கு உயர்த்துகிறார். வாடூனைச் சொல்லக் கூசும் ஆசிரியர், இவ்வுயர்வைக் காட்டும் வாய்ப்பையும் சேர்த்தே இழக்கிறார்.

எல்லா இடங்களுக்கும் இதே ஆற்றல் உண்டு என்று கூற முடியாது. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்துப் பரதவர் வீடுகளில் கள்ளோடு காய்ந்த குழல்மீன் சுட்டது கிடைக்கும் என்ற குறிப்பு வருகிறது. சுவையான குறிப்புத்தான். ஆயினும் அது வழிநடை உணவுகளுள் ஒன்றாக வந்து போகிறதே அன்றி, பாட்டைத் தாங்கவில்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதுவோர்க்கு இவ்வேறுபாடு தோன்றுவதில்லை.

காவலும் காதலும்

காவல் வேண்டும் என்ற இயல்பு நெய்தல் திணையில் பயன்படுகிறது. குறிஞ்சியில் தினைப்புனம் காக்கும் பெண் கிளியோட்டுகிறாள். அங்கே காதல் பிறக்கிறது. இது எல்லோரும் அறிந்த செய்தி. நெய்தலில் அவ்விடத்தை நிரப்புவது உணங்கல். மணலில் பரப்பிய மீனைப் பறவை கொண்டு போகாமல் ஓட்டுவது பெண்ணின் வேலை. வீட்டுக்கு வெளியே, வெட்டவெளியில், நெடும்பொழுது இருக்க அவளுக்குக் கிடைத்த அனுமதிச்சீட்டு அது. ஒரு வேறுபாடும் உண்டு. தினை அறுவடையானால் காவல் முடியும். காதலர்க்குப் பிரிவு வரும். கடற்கரையிலோ வலை மீண்டும் மீண்டும் வரும். காவலும் மீண்டும் மீண்டும் வரும். நெய்தல் காதலுக்குப் பருவம் முடிவு கட்டுவதில்லை; ஊர்தான் முடிவு கட்டுகிறது.

அகநானூற்று 20ஆம் பாட்டு உலோச்சனார் பாடியது. அதில் தோழி, தானும் தலைவியும் கழித்த பகல்பொழுதை எண்ணிப் பார்க்கிறாள். தந்தை கடலிலிருந்து கொண்டுவந்த கொழுத்த மீனின் உணங்கலில் விழும் பறவைகளை ஓட்டியது, புன்னை நிழலில் இளைப்பாறியது, நண்டின் வளையைத் தோண்டியது, ஞாழல் கிளையில் தாழை விழுதால் கட்டிய ஊசலில் ஆடியது, மணலில் குரவை ஆடியது, அலையில் ஆயத்தோடு விளையாடியது, தழையாடை தொடுத்தது என்று வரிசையாகச் சொல்கிறாள். நீண்ட இவ்வரிசையில் தொழில் ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் விளையாட்டு. அந்த ஒரு தொழில் முதலில் நிற்கிறது. அது இருந்ததனால்தான் மற்றவை நிகழ்ந்தன.

பாட்டின் முடிவில், துறையில் இரவு பகல் என்னாது ஒரு தேர் திரிகிறது என்று ஊர்ப்பெண்டிர் சொன்ன சொல்லைக் கேட்டு, அன்னை மகளுக்குக் காவல் இட்டுவிடுகிறாள். தொடக்கத்தில் மீனைக் காத்தவள் முடிவில் தானே காக்கப்படும் பொருளாகிறாள். பறவை எடுத்துச் செல்லும் என்று மீனுக்குக் காவல். தேரில் வருபவன் எடுத்துச் செல்வான் என்று மகளுக்குக் காவல். முதல் இரண்டு அடிகளை 'நெய்தல் நிலத் தொழில்' என்று விளக்கிவிட்டுக் கடந்து சென்றால், பாட்டின் தொடக்கமும் முடிவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பது தெரியாது.

சொல்லளவிலும் இத்தொடர்பு உண்டு. வாடுதலும் உணங்குதலும் மீனுக்கும் ஊனுக்கும் மட்டும் உரியன அல்ல. பிரிவால் மெலிந்த பெண்ணும் வாடுகிறாள், உணங்குகிறாள். இரு பொருளையும் ஒரே சொல் தாங்கும் மொழியில், உணங்கலின் அருகே ஒரு பெண்ணை உட்கார வைப்பது தற்செயலான செயல் ஆகாது.

மணமும் அலரும்

மூன்றாவது இயல்பு மணம். குறுந்தொகை 320ஆம் பாட்டில் பரதவர் பிடித்த மீனின் உணங்கலும் கழியில் கொண்ட இறாலின் வாடலும் நிலவு நிறத்து வெண்மணலைப் புலால் நாறச் செய்கின்றன. அத்தகைய துறைக்கு உரியவனோடு ஒரு நாள் சிரித்த பழிகூடத் தமக்கு இல்லை. ஆயினும் புன்னை மலர்ந்த இவ்வூர் வீணாக அலர் தூற்றுகிறது என்கிறாள் பேசுபவள். வெண்மணல் நாறுவதற்குக் காரணம் உண்டு; மீன் கண்முன் கிடக்கிறது. ஊர் நாறுவதற்கு என்ன காரணம்? ஒரு சிரிப்புக்கூட இல்லை. பொருள் இருந்து பரவும் மணத்தையும், பொருளே இல்லாமல் பரவும் பழியையும் புலவர் ஒரே மணல்மேல் வைக்கிறார். 'அலர்' என்னும் சொல்லுக்கே மலர்தல் என்றும் பழிச்சொல் என்றும் பொருள் இருப்பதால், பொன்னிறப் பூங்கொத்து மலர்ந்த புன்னையும் அங்கே வாளா நிற்கவில்லை.

நற்றிணை 63ஆம் பாட்டும் உலோச்சனார் பாடியதே. பெருவலைப் பரதவர் மிகுதியான மீனைப் புதுமணலில் உணக்குகின்றனர். ஆரவாரம் மிக்க சேரியில் புலால் நாறும் புன்னை, பூத்தவுடன் விழாவின் மணம் கமழ்கிறது. ஒரே மரத்தில் இரு மணம். அம்மணங்களுக்கு இடையே வாழும் ஊருக்கு அறம் இல்லை என்று கூறுகிறது பாட்டு. மீனின் நாற்றத்தைப் பூவின் மணம் மேவிவிடுகிறது. ஊரின் வாய்நாற்றத்தை மேவ எதுவும் இல்லை. புலால் நாற்றம் இப்பாட்டுகளில் அருவருப்புக்கு உரியதாக வரவில்லை. அருவருப்பு ஊராரின் சொல்லுக்கே வைக்கப்பட்டிருக்கிறது.

சுறாவின் நாற்றமும் சொல்லின் பெருமையும்

மூன்று இயல்பும் ஒருங்கு சேர்ந்து நிற்கும் பாட்டு நற்றிணை 45. பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர் உரையோடு 1915இல் நற்றிணை அச்சேறியது முதல் இப்பாட்டு பலரால் பாராட்டப்பட்டு வருகிறது. பாடியவர் பெயர் தெரியவில்லை. தலைவியை விரும்பி வந்த செல்வன் மகனிடம் தோழி பேசுகிறாள். இவள் கானலை அடுத்த சிறுகுடியில் கடல் கலங்கப் புகுந்து மீன் பிடிக்கும் பரதவர் மகள். நீயோ கொடி அசையும் கடைவீதிப் பேரூரில் தேருடைய செல்வனின் அருமை மகன். கொழுத்த சுறாவை அறுத்துக் காயவைத்து, பறவைக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அழகு ஏது? எங்கள் மேல் புலால் நாறும், அப்பால் நில். கடலில் விளைவதைக் கொண்டு வாழும் எங்கள் சிறிய நல்ல வாழ்க்கை உங்கள் வாழ்க்கைக்கு ஒப்பாகாது. எங்களுள்ளும் சிறந்தவர் உண்டு. இதுவே அவள் பேச்சு.

மீன் பல இருக்கச் சுறாவைத் தேர்ந்தது கூர்ந்து நோக்கத்தக்கது. சுறாவின் தசையில் யூரியா மிகுதி. மீன் இறந்தபின் அது சிதைந்து அம்மோனியா ஆகிக் கடும் நெடி வீசும். உணங்கல்களுள் மூக்கைத் துளைப்பது சுறா. அறுத்து என்ற சொல்லும் துல்லியமானது. சுறாவை முழுதாகக் காயவைக்க இயலாது. அறுத்தவர் கையிலும் காத்தவர் உடையிலும் அந்நெடி ஏறியே தீரும். தேரில் வந்தவனைத் தள்ளி நிற்கச் சொல்ல இதைவிட வலிய காரணம் வேறு கிடைக்காது.

குறைவேண்டி வந்த தலைவனைத் தோழி எட்ட நிறுத்துதல், அதாவது சேட்படுத்துதல், என்பது இப்பாட்டின் துறை. ஆகவே இது மெய்யான மறுப்பு அன்று, தலைவனின் உறுதியைச் சோதிக்கும் நடிப்பே என்று உரைப்பர். துறை அறிந்தோர் கூற்று மறுக்கத்தக்கதன்று. ஆயினும் நடிப்புக்கு எடுத்த சொற்கள் எவ்வழிச் செல்கின்றன என்று பார்க்க வேண்டும். பேச்சு தாழ்விலிருந்து தொடங்குகிறது: சிறுகுடி, உணங்கல், நாற்றம். பிறகு வாழ்க்கை 'சிறியது' என்று சொன்ன வாயே 'நல்லது' என்றும் சொல்கிறது. கடைசியில் எங்களுள்ளும் சிறந்தவர் உண்டு என்று நிமிர்ந்துவிடுகிறது. படிப்படியாக ஏறும் பேச்சு இது. நாணத்தால் பேசுபவள் இப்படி முடிக்க மாட்டாள். தன் மேல் வீசும் மணத்தைப் பிறர் சொல்லுமுன் தானே சொல்லிவிட்டவளை, அதனைக் கொண்டு எவரும் இழிவுபடுத்த முடியாது.

வகுப்பறையில்

இப்பாட்டை மலேசிய, சிங்கப்பூர் வகுப்பறைகளில் கற்பிப்பதற்குத் தனிப்பட்ட காரணமும் உண்டு. தோட்டப்புறத்தில் வாழ்ந்த தமிழர்க்குக் கருவாடு பழகிய உணவு. அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பின்னர், கருவாடு பொரிக்கும் வீட்டார் சன்னலைச் சாத்திக்கொள்ள நேர்கிறது. 'கருவாட்டு வாடை' என்பது சிறுவர் வாயில் ஏசலாகவும் வந்துவிடுகிறது. அச்சிறுவரே சீனப் புத்தாண்டு நெருங்கும்போது, கரி அடுப்பில் வாட்டும் பக்குவாவுக்கு மக்கள் வரிசையில் நிற்பதைக் காண்கின்றனர். மலாய்க்காரர் வீட்டு டெண்டெங்கையும் அறிந்திருக்கின்றனர். பன்றி, மாடு, ஆடு, மீன் என்று பொருள் வேறு. இனிப்பு, மசாலை, உப்பு என்று சுவை வேறு. வெயிலையும் நெருப்பையும் கொண்டு இன்றைய மிகுதியை நாளைக்கு நிறுத்திவைக்கும் அறிவு ஒன்றே. பக்குவா பஞ்சத்துக்கு அஞ்சி வாங்கும் பொருளாக இன்று இல்லை. கொண்டாட்டத்துக்கு வாங்கும் பொருளாகிவிட்டது. அதனைத் தின்பதில் எவரும் வெட்கப்படுவதில்லை. கருவாட்டுக்கு மட்டும் ஏன் வெட்கம் என்று மாணவர் கேட்கும்படி ஓர் ஆசிரியர் செய்துவிட்டால், நற்றிணை 45 தானே விளங்கிவிடும்.

புலால் உண்ணாத குடும்பத்து மாணவரும் வகுப்பில் இருப்பர். அவர்கள் மனம் நோகாமல் கற்பித்தல் வேண்டும். அதற்காகப் பாட்டை மறைக்க வேண்டியதில்லை. உண்பதும் உண்ணாததும் அவரவர் நெறி. உழைப்பவரை அவர் மேல் வீசும் மணத்தால் அளப்பது நெறியன்று என்பதே பாட்டின் செய்தி. அச்செய்தி இருசாரார்க்கும் பொது.

'வாடூன்' என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் அதன் 'வாடு' என்னும் பகுதி 'கருவாடு' என்ற சொல்லுக்குள் இன்றும் உயிரோடு இருக்கிறது. நாள்தோறும் சந்தையில் ஒலிக்கிறது. சங்கச் சொல் ஒன்றை மாணவர் தம் வீட்டு அடுக்களையிலேயே கண்டெடுக்கும் வாய்ப்பு அடிக்கடி கிட்டுவதன்று. அருஞ்சொற்பொருளை எழுதி அடுத்த அடிக்கு விரையும் ஆசிரியர், அவ்விடத்தில் ஒரு பாடவேளை நிற்பாராயின், இலக்கியமும் வாழ்வும் எவ்வளவு அணித்தே உள்ளன என்பதைத் தனியே விளக்க வேண்டிய தேவை இராது.